சொர்க்கம் எங்கே இருக்கிறது என்று பிள்ளை கேட்டால்

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் பெற்றோர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்புடையீர்,

சாவு வீட்டில் சிறு பிள்ளை வாய் திறந்து ஏதேனும் கேட்டால், 'சின்னப் பசங்க இதெல்லாம் கேட்கக் கூடாது' என்று அடக்கி, காரியம் முடியும்வரை பக்கத்து வீட்டில் விட்டுவைப்பதே நம் பக்கத்து வழக்கமாக இருந்து வருகிறது. மீறிக் கேட்கும் பிள்ளைக்கு, 'ஆயா ஊருக்குப் போயிருக்காங்க', 'ஆயா தூங்குறாங்க', 'நல்லவங்கள சாமி சீக்கிரமா கூப்பிட்டுக்கும்' என்று ஏதேனும் ஒரு விடை கிடைக்கிறது. அன்பினால்தான் இவற்றைச் சொல்கிறோம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஊருக்குப் போனவர் திரும்பி வருவார் என்று பிள்ளை வாசலைப் பார்த்துக் காத்திருக்கும். தூங்கியவர் எழவில்லை என்றால் இரவில் கண்ணை மூட அஞ்சும். நல்லவரைச் சாமி அழைத்துக்கொள்ளும் என்றால், நல்ல பிள்ளையாக இருப்பதே ஆபத்து என்று எண்ணத் தொடங்கும்.

ஹங்கேரியைச் சேர்ந்த உளவியலாளர் மரியா நாகி, புடாபெஸ்ட் பகுதியில் மூன்று முதல் பத்து வயதுவரையுள்ள பிள்ளைகளிடம் இது பற்றிக் கேட்டு, 1948இல் தம் ஆய்வை வெளியிட்டார். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பெரும்பாலும் சாவை ஒரு பயணமாகவோ உறக்கமாகவோ கருதுகிறார்கள் என்பதும், இறந்தவர் வேறோர் இடத்தில் குறைந்த அளவிலேனும் வாழ்ந்துகொண்டிருப்பதாக எண்ணுகிறார்கள் என்பதும் அதில் தெரியவந்தன. இறந்தவர் மீளமாட்டார், அவர் உடல் எதையும் செய்யாது, எல்லோருக்கும் இது நேரும் என்ற தெளிவு ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள்தான் மெல்ல மெல்ல வருகிறது.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பதினாறாம் நாள் படையல் போட்டிருந்தார்கள். படத்துக்கு முன்னால், இலைக்குப் பக்கத்தில், இறந்துபோன ஆயாவின் மூக்குக் கண்ணாடியை அதன் பெட்டியோடு வைத்திருந்தார்கள். நான்கு வயதுப் பேத்தி அதைத் திறந்து பார்த்துவிட்டு, 'ஆயா கண்ணாடி இங்கேயே இருக்கே, சொர்க்கத்துல எப்படிம்மா பாப்பாங்க?' என்று கேட்டாள். கூடியிருந்தவர்கள் கண்கலங்கினார்களே தவிர, ஒருவரும் விடை சொல்லவில்லை. அவள் தாய் மட்டும் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, 'ஆயாவோட உடம்பு வேலை செய்யறது நின்னு போச்சு கண்ணு. இனிமே அவங்களுக்குப் பசிக்காது, வலிக்காது, கண்ணாடியும் வேணாம். திரும்பி வரமாட்டாங்க. ஆயா சாமிகிட்ட இருக்காங்கன்னு நாம நம்புறோம். அம்மா அந்த இடத்தப் பாத்ததில்ல' என்றார்.

அந்த விடையின் வரிசையை நீங்கள் கவனிக்க வேண்டும். முதலில் உடலைப் பற்றிய உண்மை வந்தது. அதன் பிறகே நம்பிக்கை, அதுவும் நம்பிக்கை என்றே அறிவிக்கப்பட்டு வந்தது. சொர்க்கத்தைப் பற்றிப் பிள்ளையிடம் பேசவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஆடி அமாவாசைக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரையில் தர்ப்பணம் கொடுக்கும் தகப்பனையும், நவம்பர் 2ஆம் நாள் புதுச்சேரிக் கல்லறைகளில் பூவைத்து மெழுகுவத்தி ஏற்றும் குடும்பங்களையும், இறைவனிடமிருந்தே வந்தோம், அவனிடமே மீள்கிறோம் என்று சொல்லி அடக்கம் செய்யும் பரங்கிப்பேட்டை முஸ்லிம்களையும் பிள்ளை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. ஒரே வீட்டில் தாத்தா ஒன்றை நம்ப, அப்பா எதையும் நம்பாதவராக இருந்தால், அதையும் அப்படியே சொல்லிவிடலாம். இரண்டையும் கேட்டுக்கொள்ளும் ஆற்றல் பிள்ளைக்கு உண்டு. நரகத்தையும் எண்ணெய்க் கொப்பரையையும் காட்டிச் சோறு ஊட்டுவதை மட்டும் இன்றோடு விட்டுவிடுமாறு தாய்மார்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். சொர்க்கம் எங்கே என்று கேட்கும் பிள்ளை பெரும்பாலும் வேறொன்றை அறிய விரும்புகிறது: என்னை யார் பார்த்துக்கொள்வார்கள்? பண்ருட்டிக்கு அருகிலுள்ள திருவதிகையோடு பிரிக்க முடியாதபடி இணைந்த வரலாறு ஒன்று இதற்குச் சான்று. பிற்காலத்தில் திருநாவுக்கரசர் என்று உலகம் போற்றிய மருணீக்கியார், தாய் தந்தையரைச் சிறு வயதிலேயே இழந்தார். தமக்கை திலகவதியாரை மணக்கவிருந்த கலிப்பகையாரும் போரில் மாண்டார். தமக்கை உயிர்விடத் துணிந்தபோது, அன்னையும் அத்தனும் போன பின் உங்களை வணங்குவதால்தான் உயிரோடிருக்கிறேன், நீங்களும் என்னைத் தனியே விட்டுச் சென்றால் உங்களுக்கு முன் நான் உயிர் நீப்பேன் என்று தம்பி கதறினார். 'தம்பியார் உளராக வேண்டும்' என்ற இரக்கம், அந்த அம்மையார் வானுலகம் சேர்வதையே விலக்கியது என்று பெரியபுராணத்தில் சேக்கிழார் பாடுகிறார். துயருற்ற பிள்ளைக்கு முன்னால் வானுலகமும் காத்திருக்க வேண்டும் என்று கருதிய அந்த உள்ளத்தை எண்ணும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

2004 டிசம்பர் 26 அன்று நம் மாவட்டக் கரையில் 600க்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோயிற்று. தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகளுக்காக அரசு கடலூரில் இல்லம் தொடங்கியது. பல பிள்ளைகளைச் சித்தியும் மாமாவும் பாட்டியும் தூக்கி வளர்த்தார்கள். இத்தகைய இழப்புக்கு ஆளாகும் சிறு பிள்ளை, 'நான் அன்னைக்கு அம்மாகிட்ட சண்டை போட்டேன், அதனாலதான்' என்று தன் மேலேயே பழியைப் போட்டுக்கொள்வதுண்டு. வாய்விட்டுச் சொல்லாத பிள்ளையிடமும், 'இது உன்னால நடக்கல' என்று நாமாகவே சொல்லிவிட வேண்டும். ஒரு முறை சொன்னால் போதாது, வாரக் கணக்கில், கேட்கும்போதெல்லாம், மாற்றாமல் சொல்ல வேண்டும்.

கடைசியில், 'நீயும் செத்துப் போயிடுவியாம்மா?' என்ற கேள்வி வரும். மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். 'எல்லாருக்கும் ஒரு நாள் வரும். ரொம்ப நாள் உன்கூட இருக்கணும்னுதான் அம்மா நெனக்கிறேன். எனக்கு ஏதாச்சும் ஆனாலும் உன்னப் பாத்துக்க சித்தி இருக்காங்க' என்று, ஆளைப் பெயர் சொல்லி, உறவு சொல்லி, பிள்ளை அறிந்த முகமாகக் காட்டுங்கள். அப்படிக் காட்டுவதற்கு முன், அந்தச் சித்தியிடம் நீங்கள் ஒரு வார்த்தை கேட்டு, அவர் சம்மதத்தை வாங்கி வைத்திருக்க வேண்டும். இங்கு வந்திருப்பவர்களில் இன்னும் கேட்காதவர்கள் இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.