மே மாதத்து மீன்

நேயர்களுக்கு வணக்கம்.

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. மதுரையில் காலை பத்து மணிக்கே மொட்டை மாடிக் குழாயில் வெந்நீர் வருகிறது. பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை. நாலு நாள் கடலோரமாகப் போய் இருந்துவிட்டு, வயிறார மீன் சாப்பிட்டு வரலாமா என்று வீட்டுக்கு வீடு பேச்சு நடக்கிற நேரம் இது. நான் ராமநாதபுரம் கடற்கரைக் கிராமம் ஒன்றில் பிறந்தவள். ஆசிரியை வேலைக்காக மதுரைக்கு வந்தேன். கோடை விடுமுறை என்றால் அந்தக் காலத்தில் என் பிள்ளைகளையும், இப்போது பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கரைக்குப் போய்விடுவேன். அந்தப் பழக்கத்தில்தான் இன்று உங்களோடு பேசுகிறேன்.

கடலோரம் கிளம்புகிறவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் முட்டையிட்டு இனம் பெருக்குகிற காலம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. 2001-ல் இந்தத் தடை வந்தபோது 45 நாளாக இருந்தது. 2017-ல்தான் 61 நாளாக நீட்டினார்கள். கன்னியாகுமரியின் மேற்குப் பக்கத்துக் கரைக்கு மட்டும் ஜூன், ஜூலை மாதங்கள். அதாவது நமக்கு லீவு விடுகிற அதே சமயத்தில் கடலுக்கும் லீவு. ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் போனால் விசைப்படகுகள் வரிசையாக நங்கூரமிட்டு நிற்பதையும், சிலவற்றைக் கரையேற்றிப் பலகை மாற்றி வர்ணம் பூசுவதையும் பார்க்கலாம்.

அப்படியானால் மே மாதம் நம் தட்டில் விழுகிற மீன் எங்கிருந்து வருகிறது?

ஆறேழு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஊரில், பெயர் வேண்டாம், கடலைப் பார்த்தபடி இருக்கிற ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். வஞ்சிரம் வறுவல் கேட்டோம். வந்தது. வெளியே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு மாதிரி ஒரு சவசவப்பு. என் சின்னப் பேத்தி ஒரு வாய் வைத்துவிட்டுத் தள்ளிவிட்டாள். மறுநாள் காலை எங்கள் ஊர்க் கரையில் மீன் விற்கிற அம்மாவிடம் இதைச் சொன்னேன். "மே மாசத்துல போயி வஞ்சிரம் கேட்டா எப்புடி டீச்சர்? அது எம்புட்டு நாளா ஐஸுல கெடந்துச்சோ. இன்னைக்கிக் கரைக்கி என்ன வந்திருக்குன்னு கேளுங்க" என்றார். அன்றிலிருந்து கடலோரத்தில் எந்த ஊருக்குப் போனாலும் நான் முதலில் கேட்பது அந்தக் கேள்வியைத்தான்.

தடைக்காலத்திலும் நாட்டுப்படகுக்கும் வல்லம் என்கிற சின்னப் படகுக்கும் தடை இல்லை. அவை கரைக்குப் பக்கத்திலேயே தொழில் செய்பவை. சாயங்காலம் வலையைப் போட்டுவிட்டு விடியும்போது எடுத்து வருவார்கள். எனவே மே மாதத்தில் கிடைக்கும் சிறிய மீன் மற்ற மாதங்களில் கிடைப்பதைவிடப் புதுசாக இருக்கும் என்பது என் அனுபவம். காரல், முரல், நகரை, கிழங்கான், மடவை, சாளை, நண்டு, கணவாய். சென்னையிலும் மதுரையிலும் பெரிய கடைகளில் இவற்றுக்கு மரியாதை குறைவு. எங்கள் ஊரிலோ பிள்ளை பெற்றவளுக்கு முதல் மீன் காரல்தான். கிழங்கானின் சதை அவ்வளவு மென்மை. குழம்பு கொதித்ததும் போட்டு இறக்கிவிட வேண்டும், கரண்டி போட்டுக் கிளறினால் கரைந்தே போகும்.

எங்கள் கரையின் விசேஷம் இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணைப் பக்கம், தெற்கே மன்னார் வளைகுடா. அலை குறைவான வடகடலைப் பெண்கடல் என்றும், அலை அடிக்கிற தென்கடலை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். தென்மேற்குக் காற்று வலுக்கத் தொடங்கினால் தென்கடல் கொந்தளிக்கும். வடகடல் குளம் மாதிரி கிடக்கும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நான் சொல்வது வடகடல்தான். உச்சிப்புளி பக்கம் ஆரியமான் கடற்கரையில் சவுக்குத் தோப்பு நிழல் உண்டு, தண்ணீரும் வெகுதூரம் ஆழமில்லாமல் போகும். தனுஷ்கோடி அரிச்சல்முனையில் இரண்டு கடலும் சேருகிற இடத்தைக் கண்ணாரப் பாருங்கள், தண்ணீரில் மட்டும் இறங்காதீர்கள். எங்கே குளித்தாலும் கரையில் வலை பார்க்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சொறி, அதாவது ஜெல்லி மீன், வந்திருந்தால் சொல்லிவிடுவார்கள். அது உடம்பில் பட்டால் பிள்ளைகளுக்கு அன்றைய நாள் முழுக்க எரிச்சல்.

தொண்டிக்குத் தெற்கே காரங்காடு என்று ஒரு மீனவக் கிராமம். அங்கே அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து படகு விடுகிறார்கள். கொளுத்துகிற வெயிலில் நின்று படகில் ஏறினால், இரண்டு பக்கமும் அலையாத்தி மரங்கள் கவிந்து, சேற்றிலிருந்து பென்சில் நட்டுவைத்தது மாதிரி மூச்சு வேர்கள் நீட்டிக்கொண்டிருக்க, காற்று சட்டென்று குளிர்ந்துபோகும். இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளர்கிற தொட்டில் அந்த வேர்க்கால்தான். சவாரி முடிந்தால் ஊர்ப் பெண்கள் சமைத்த சாப்பாடு. முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போக வேண்டும். எத்தனை பேர் என்று தெரிந்தால்தான் அதற்குத் தக்கபடி மீன் வாங்குவார்கள். மிச்சம் வைத்து மறுநாள் போடுகிற பழக்கம் இல்லாத சமையல் எப்படி இருக்கும் என்று அங்கே சாப்பிட்டுப் பாருங்கள்.

சரி, நண்டுக்கு வருகிறேன். வடகடலில் நீலக்கால் நண்டு பேர்போனது. விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கரைக்குப் போனால், வல்லத்திலிருந்து இறக்கிய வலையைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். நரம்பு வலை, அதில் கை, கால் எல்லாம் சிக்கி முறுக்கிக்கொண்ட நண்டு. அவர்களில் ஒரு அம்மா நண்டின் பின்பக்கம், துடுப்பு மாதிரி தட்டையாக இருக்கிற கடைசிக் காலோரம் பிடிப்பார். கொடுக்கு அங்கே எட்டாது. இன்னொரு கையால் வலைக் கண்ணை ஒவ்வொன்றாக விலக்குவார். அவசரப்பட்டு இழுத்தால் கால் ஒடியும்; கால் ஒடிந்த நண்டுக்கு ஏலத்தில் விலை குறைவு. ஒரு நண்டுக்கு அரை நிமிஷம்கூட ஆகாது. என் பேரன் பத்து நிமிஷம் முயன்று ஒன்றை எடுத்தான், அதற்குள் அவர் கூடையில் முப்பது சேர்ந்துவிட்டது.

சில நண்டின் வயிற்றுக்கடியில் பஞ்சு மாதிரி மஞ்சளாகவோ கறுப்பாகவோ ஒரு திரள் இருக்கும். அது சினை நண்டு. அந்தத் திரளில் பல லட்சம் முட்டைகள். முதலில் மஞ்சள், பொரிகிற நாள் நெருங்க நெருங்கக் கறுப்பு. எங்கள் கரையில் விவரமறிந்தவர்கள் அதைத் தண்ணீரில் விட்டுவிடுவார்கள். விலைக்கு வந்தால் தயவுசெய்து நீங்கள் வாங்காதீர்கள். மற்றபடி நண்டு வாங்கும்போது கையில் தூக்கிப் பாருங்கள், கனமாக இருக்க வேண்டும். மீனென்றால் செவுளைத் தூக்கிப் பாருங்கள், ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அமுக்கினால் குழி விழக்கூடாது.

அன்று வாங்கிய நண்டைக் கரையிலேயே கழுவி ஓட்டைக் கழற்றிக் கொடுத்துவிடுவார்கள். வீட்டுக்கு வந்ததும் சாறு. நண்டை லேசாகத் தட்டி, சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, சீரகம் நசுக்கிப் போட்டுக் கொதிக்கவிட்டால் போதும். மிளகாய்த்தூள் வேண்டாம்; நண்டின் இனிப்பு தெரியாமல் போய்விடும். மீனுக்குத் தேங்காய் அரைத்த குழம்பு. கீழக்கரைப் பக்கம் போனால் அதையே மீன் ஆணம் என்பார்கள், அவர்கள் கைப்பக்குவம் தனி. யாராவது சாப்பிட அழைத்தால் மறுக்காதீர்கள்.

செலவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நாட்டுப்படகுக்காரர்களுக்கு நாலு காசு கூடக் கிடைக்கிற மாதங்கள் இவை. பெரிய படகு ஓடுகிற மற்ற மாதங்களில் ராமேஸ்வரம் பக்கம் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்று கடலைப் பங்கு வைத்துக்கொண்டு பிழைக்கிறார்கள். ஆகவே கரையில் வாங்கும்போது ரொம்பப் பேரம் பேசாதீர்கள். ராத்திரியெல்லாம் விழித்துக் கொண்டுவந்த மீன் அது.

கடற்கரைக்கு உரிய பொழுது எற்பாடு, பொழுது சாய்கிற நேரம் என்று நம் முன்னோர் வகுத்தார்கள். அந்த நேரத்துக்குக் கரையில் போய் உட்காருங்கள். வெயில் தணிந்து காற்று திரும்பியிருக்கும். மடித்த வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வல்லத்துக்கு நடந்து போகிறவர்களைப் பார்ப்பீர்கள். "நாளைக்கு எத்தனை மணிக்குக் கரைக்கு வருவீங்க அண்ணே?" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். விடியும்போது கூடையோடு அங்கே நில்லுங்கள்.

வணக்கம்.