திரையில் டாக்டர், பக்கத்தில் யார்?

அன்பு நேயர்களுக்கு வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் டிரசராக, அதாவது தோட்ட மருந்தகத்தில் மருத்துவ உதவியாளராக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தொலைமருத்துவம், அதாவது கைத்தொலைபேசி வழியாக டாக்டரைப் பார்த்துப் பேசி ஆலோசனை பெறுவது, நம் தோட்டப்புற மக்களுக்கு எந்த அளவுக்கு உதவும் என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, நம் நாட்டில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, இருப்பதாகக் காட்டியது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூன்றில் ஒருவர்! இது வாழ்நாள் முழுவதும் டாக்டரின் கண்காணிப்பில் இருக்க வேண்டிய நோய். அரசாங்க கிளினிக்கில் பதிவுக் கட்டணம் 1 வெள்ளிதான். ஆனால் செம்பனைக் குலை வெட்டுகிறவருக்கு அந்த ஒரு வெள்ளி பெரிதல்ல, போகிற ஒரு நாள் சம்பளம்தான் பெரிது. தோட்டத்து உள்சாலைக்கு பஸ் வராது. மகன் மோட்டாரில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும், அவன் வேலையும் கெடும். நிபுணரைப் பார்க்க வேண்டுமென்றால் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தள்ளி ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். காலையிலிருந்து காத்திருந்து உள்ளே போனால், சில நேரம் "சரி, அதே மருந்தைச் சாப்பிடுங்க" என்பதோடு முடிந்துவிடும். அந்தச் சில நிமிடப் பேச்சை வீட்டிலிருந்தே பேச முடிந்தால் எத்தனை குடும்பங்களுக்கு நிம்மதி!

இந்த யோசனை புதியதல்ல. 1996இல் தொடங்கிய மல்டிமீடியா சூப்பர் காரிடார் என்ற அரசாங்கத் தகவல் தொழில்நுட்பத் திட்டத்தின் முக்கியப் பிரிவுகளில் தொலைமருத்துவமும் ஒன்று. மறு ஆண்டே நாடாளுமன்றம் அதற்கென்று தனிச் சட்டம் நிறைவேற்றியது. ஆனால் அந்தச் சட்டம் பல ஆண்டுகள் நடைமுறைக்கு வராமலே கிடந்தது. 2020இல் கோவிட் வந்து, நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை போட்ட பிறகுதான் மக்கள் உண்மையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். டாக்டர் ஆன் கால் போன்ற தனியார் சேவைகள் பெருகின. அரசாங்க கிளினிக்குகளும் காணொளியில் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கின. கோவிட் காலத்தில் அரசாங்கம் கொண்டுவந்த மைசெஜாதெரா சுகாதாரச் செயலி பல வீடுகளுக்குள் நுழைந்தது.

அப்புறம் ஏன் தோட்டத்தில் இது வேரூன்றவில்லை? மேட்டுப்பக்கம் லைன் கிடைக்காது, பிரீபெய்ட் டேட்டா மாதக் கடைசியில் தீர்ந்துவிடும். இவற்றைப் பணம் போட்டுச் சரிசெய்யலாம். எனக்குப் பெரிய கவலை வேறு.

"மண்டை கிறுகிறுன்னு வருது", "நெஞ்சைக் கரிக்குது", "வயித்தை என்னமோ பண்ணுது" என்றுதான் நம் பெரியவர்கள் சொல்வார்கள். தமிழ் தெரியாத டாக்டரிடம் இதைப் பேரப்பிள்ளைதான் மலாயில் சொல்ல வேண்டியிருக்கிறது. நெஞ்சு கரிப்பது நெஞ்சு வலியாக மாறிப்போகும், அல்லது நெஞ்சு வலி வெறும் வாயுவாகச் சுருங்கிப்போகும். மாதவிலக்குத் தொல்லையை, வெள்ளைப்படுதலை மகன் பக்கத்தில் நிற்கும்போது எந்தத் தாய் வாய்விட்டுச் சொல்வாள்? தோட்டத்து வரிசை வீடான லயத்து வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தனியே பேச ஓர் அறைகூட இருக்காது. முழுதாகச் சொல்லாத நோய்க்கு டாக்டர் என்ன மருந்து எழுத முடியும்?

இனிப்பு நீர்க்காரரின் கால் புண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் அது ஒரு சிறிய கரும்புள்ளி. பக்கத்தில் இருப்பவர் தொட்டுப் பார்த்தால்தான் காலில் உணர்ச்சி இருக்கிறதா, சூடு இருக்கிறதா, நாற்றம் வருகிறதா என்று தெரியும். அந்தக் காலத்தில் தோட்ட மருந்தகத்தில் இதைப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் இருந்தார். தோட்டங்கள் கைமாறி, துண்டாடப்பட்டு, நம் மக்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தபோது பல மருந்தகங்களும் மூடப்பட்டன. அந்த இடத்தை ஒரு செயலியால் நிரப்ப முடியாது என்றே நினைக்கிறேன்.

அதனால் நான் கேட்பது இதுதான். கிராம மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளி வளாகத்திலோ கதவுள்ள ஓர் அறை வேண்டும். நல்ல இணைய இணைப்பு, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் கருவிகள், தமிழ் பேசும் தாதி அல்லது மருத்துவ உதவியாளர் ஒருவர் இருந்தால் போதும். வாரத்தில் ஒரு நாள், வேலை முடிந்த மாலை நேரத்தில் திறந்தாலே பெரிய உதவி. கிளினிக் டாக்டர் திரையில் இருக்கட்டும், நோயாளியின் காலைப் பிடித்துப் பார்க்கும் கை இங்கே இருக்கட்டும். மருந்தைத் தபாலில் அனுப்பும் ஏற்பாடு அரசாங்க மருந்தகங்களில் ஏற்கெனவே உண்டு. பல தோட்டங்களில் வரும் தபால் தோட்ட ஆபீஸோடு நின்றுவிடுகிறது, அங்கே தேங்கும் மருந்துப் பொட்டலத்தையும் இதே அறையில் கொடுக்கலாம். தோட்ட நிர்வாகங்களும் தொகுதி மக்கள் பிரதிநிதிகளும் சுகாதார அமைச்சும் சேர்ந்து உட்கார்ந்து பேசினால் இது நடக்கும்.

அது வரும்வரை, காணொளியில் டாக்டரிடம் பேசுகிறவர்கள் மருந்து அட்டைகளையும், கடைசியாக எடுத்த சர்க்கரை, அழுத்த அளவுகளையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்குத் துணையாக ஒரு பெண் உட்காரட்டும். ஆனால் நெஞ்சு இறுக்கினாலோ, ஒரு பக்கம் கை கால் செயலிழந்தாலோ, வாய் கோணினாலோ, கால் புண் கறுத்தாலோ கைத்தொலைபேசியில் டாக்டரைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே 999க்கு அழையுங்கள், இல்லையென்றால் கிடைத்த வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். நன்றி, வணக்கம்.