பூட்டிய கதவுகளின் கணக்கு

தலைவர் அவர்களே, நண்பர்களே, வணக்கம்.

தேர்தலுக்கு முந்தைய கருத்துக்கணிப்பைப் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தார்கள். அழைத்தவர் போனை வைப்பதற்கு முன்னால் குரலைத் தாழ்த்தி, "அது இருக்கட்டும், இந்த முறை யார் வருவார்கள்?" என்று கேட்டார். முப்பது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். நல்லது கெட்டது எங்கே போனாலும் என்னிடம் கேட்கப்படும் ஒரே கேள்வி அதுதான். அதற்கு இங்கே பதில் கிடைக்காது. நான் பேச வந்தது பூட்டிய கதவுகளைப் பற்றி.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். எங்கள் தொழிலை யார் விளக்கினாலும் இந்தப் பழமொழியைத்தான் முதலில் எடுத்து வைப்பார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. பானையில் இருப்பதெல்லாம் ஒரே அரிசி, ஒரே உலையில் கொதித்தது. மனிதர்கள் அப்படியா வெந்திருக்கிறார்கள்? கைக்கு எட்டிய பருக்கையை நசுக்கிப் பார்த்துவிட்டுப் பானையை இறக்கியவர்கள்தான் இந்தத் துறையில் வரிசையாக ஏமாந்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் லிட்டரரி டைஜஸ்ட் என்று ஒரு வார இதழ் இருந்தது. 1936க்கு முந்தைய அதிபர் தேர்தல்களில் வெற்றியாளரைச் சரியாகச் சொல்லிப் பேர் வாங்கிய இதழ். 1936 தேர்தலுக்கு முன்னால் ஏறக்குறைய 1 கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டை அஞ்சலில் அனுப்பியது. சுமார் 24 லட்சம் சீட்டுகள் திரும்பி வந்தன. அவற்றை எண்ணிப் பார்த்து, எதிர்த்து நின்ற லாண்டன் 57 சதவீத வாக்குடன் அப்போதைய அதிபர் ரூஸ்வெல்ட்டைத் தோற்கடிப்பார் என்று அறிவித்தது. நடந்தது என்ன? ரூஸ்வெல்ட் 60 சதவீதத்துக்கு மேல் வாங்கினார். 48 மாநிலங்களில் லாண்டனுக்குக் கிடைத்தவை இரண்டு. அடுத்த இரண்டே ஆண்டுகளில் இதழும் நின்றுபோனது.

முகவரிகளைத் தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் கார் உரிமையாளர் பட்டியலிலிருந்தும் எடுத்தார்கள், பொருளாதார மந்தக் காலத்தில் அவை வசதியானவர்களின் பட்டியல்கள், அதனால்தான் தவறினார்கள் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். சரிதான், ஆனால் அது பாதிக் கதை. சீட்டு கிடைத்தவர்களில் நான்கில் மூன்று பேர் அதைத் திருப்பி அனுப்பவே இல்லை. மெனக்கெட்டு நிரப்பி அனுப்பியவர்களில் ரூஸ்வெல்ட் மீது கோபம் கொண்டவர்கள் அதிகம். வராத அந்த 76 லட்சம் சீட்டுகளில்தான் தேர்தல் இருந்தது.

அதே தேர்தலில் ஜார்ஜ் கேலப் என்பவர், டைஜஸ்ட் கேட்டதில் ஒரு சிறு பங்கு அளவே ஆட்களைக் கேட்டு, ரூஸ்வெல்ட் வெல்வார் என்று சொன்னார். டைஜஸ்ட் சீட்டு அனுப்பத் தொடங்குவதற்கு முன்பே, அது லாண்டனைத்தான் சொல்லப்போகிறது என்றும் சொன்னார்! அந்தத் துணிச்சலை இன்றைக்கும் ரசிக்கிறேன். ஆனால் 1948 அதிபர் தேர்தலில், ட்ரூமனை டூயி தோற்கடிப்பார் என்று சொல்லி அதே கேலப்பும் சறுக்கினார். இத்தனை ஆண்கள், இத்தனை பெண்கள், இந்த வயதில் இத்தனை பேர் என்று ஒதுக்கீடு கொடுத்து, அதற்குள் யாரைக் கேட்பது என்பதைக் களப்பணியாளரிடமே விட்டுவிட்டார்கள். அவர்கள் பேச எளிதான ஆட்களாகப் பார்த்துப் பேசினார்கள். போதாததற்குத் தேர்தலுக்குக் கணிசமான நாட்கள் இருக்கும்போதே கேட்பதை நிறுத்திவிட்டார்கள். 'ட்ரூமனைத் தோற்கடித்தார் டூயி' என்று சிகாகோ நாளிதழ் ஒன்று தலைப்புப் போட்டது. வென்ற ட்ரூமன் அந்தத் தாளைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கும் படத்தை நீங்கள் பார்த்திருக்கலாம்.

எனவே யாரைக் கேட்பது என்ற முடிவைக் களப்பணியாளரிடம் விடக் கூடாது. வாக்காளர் பட்டியலில் குலுக்கல் முறையில் ஓர் எண்ணைத் தொட்டு, அங்கிருந்து இத்தனையாவது பெயர், இத்தனையாவது பெயர் என்று எண்ணி எடுத்துக் கொடுப்போம். அந்தப் பெயருக்கு உரியவரைத்தான் கேட்க வேண்டும். ஒருமுறை ஓர் இளைஞர் மாலை நான்கு மணிக்கே அன்றைய கேள்வித்தாள்கள் முழுவதையும் நிரப்பிக் கொண்டுவந்து வைத்தார். புரட்டிப் பார்த்தேன். ஒரு வீடுகூடப் பூட்டியிருக்கவில்லை. வயதைப் பார்த்தேன். பாதிப் பேருக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள். அவர் சோம்பேறி அல்ல, பொய்யரும் அல்ல. பூட்டியிருந்த வீட்டுக்குப் பதில் பக்கத்து வீட்டில் கேட்டிருக்கிறார், அவ்வளவுதான். பகல் பதினொரு மணிக்கு வீட்டில் இருப்பவர் யார்? வேலைக்குப் போகாதவர். வேலைக்குப் போனவரின் வாக்கு வேறாக இருந்தால் அந்தத் தாள்கள் அத்தனையும் வீண். அன்று இரவு ஏழு மணிக்கு அவருடன் நானும் நடந்தேன்.

ஆள் கிடைத்தாலும் பதில் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். ஒரு வீட்டில் பட்டியலில் இருந்தது மனைவியின் பெயர். கேள்வி கேட்டதும் கணவர் கதவு நிலையில் வந்து நின்றுகொண்டு, "நாங்கள் எல்லோரும் ஒரே கட்சிதான், எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். எங்களிடம் மாதிரி வாக்குச்சீட்டும், பிளவு வைத்த ஒரு பெட்டியும் உண்டு. சீட்டை அந்த அம்மாவிடம் நீட்டினேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பி முத்திரை வைத்தார். நான்காக மடித்து, மறுபடியும் மடித்து, பெட்டிக்குள் போட்டுவிட்டு, அது உள்ளே விழுந்துவிட்டதா என்று பெட்டியை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். அவர் யாருக்குப் போட்டார் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது.

கேள்வியின் வாசகம் செய்யும் வேலை தனிக் கதை. 1940 வாக்கில் அமெரிக்காவில், ஜனநாயகத்துக்கு எதிரான மேடைப் பேச்சை அனுமதிக்கலாமா என்று கேட்டபோது 62 சதவீதம் பேர் கூடாது என்றார்கள். தடை செய்ய வேண்டுமா என்று கேட்டபோது ஆம் என்றவர்கள் 46 சதவீதம். அனுமதிக்காதே என்பதும் தடை செய் என்பதும் நமக்கு ஒன்றுதான். காதுக்கு ஒன்றல்ல.

பிழை வரம்பைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். சீராகத் தேர்ந்தெடுத்த 1,000 பேரைக் கேட்டால் ஏறத்தாழ 3 சதவீதம் இப்படியோ அப்படியோ போகலாம். அதைப் பாதியாக்க 4,000 பேர் வேண்டும். இரு கட்சிகளுக்கு இடையிலான வித்தியாசத்தில் தவறு இன்னும் பெரிது. ஆகவே 2 சதவீத முன்னிலை என்று கொட்டை எழுத்தில் போடுவது வெறும் கூச்சல். தவிர, அந்த 3 சதவீதம் குலுக்கலின் அதிர்ஷ்டத்தை மட்டுமே அளக்கிறது. கதவைத் திறக்காதவர்கள் அதில் இல்லை. பிரிட்டனில் 2015 தேர்தல் கணிப்புகள் ஒட்டுமொத்தமாகத் தவறியபோது ஒரு விசாரணைக் குழு அமைத்தார்கள். கேட்கப்பட்டவர்கள் வாக்காளர்களின் உண்மையான கலவையாக இல்லை என்பதுதான் அது கண்ட முக்கியக் காரணம். 1936க்கும் அதற்கும் 79 ஆண்டுகள். தொலைபேசியில் நிலைமை இன்னும் மோசம். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் அழைத்தபோது 1997இல் 36 சதவீதம் பேர் பதில் சொன்னார்கள், 2018இல் 6 சதவீதம்.

வாக்கைச் சரியாகப் பிடித்த பிறகும் இடங்கள் கைநழுவும். அதே 2015இல் பிரிட்டனில் ஐக்கிய ராஜ்ஜிய சுதந்திரக் கட்சிக்கு 12.6 சதவீத வாக்கு, ஓர் இடம். ஸ்காட்லாந்து தேசியக் கட்சிக்கு 4.7 சதவீதம், 56 இடங்கள். 2024இல் இந்தியாவில் வாக்குப்பதிவு முடிந்த மாலையில் வந்த கணிப்புகளில் பல தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350 இடங்களுக்கு மேல் என்றன. எண்ணியபோது வந்தது 293.

எந்தக் கூட்டத்திலும் பின்வரிசையில் ஒருவர் எழுந்து, "இத்தனை வருடமாக வாக்களிக்கிறேன், என்னை யாரும் வந்து கேட்டதே இல்லையே" என்பார். இன்றும் ஒருவர் கையைத் தூக்கத் தயாராக இருக்கிறார், பார்த்துவிட்டேன். ஐயா, 2024இல் இந்தியாவில் பதிவு செய்த வாக்காளர்கள் 96 கோடிக்கு மேல். 20,000 பேரைக் கேட்கும் பெரிய கணிப்பு என்றாலும் 48,000 பேருக்கு ஒருவர்தான். உங்கள் முறை வராமலே போகலாம். அல்லது வந்திருக்கலாம், அன்றைக்கு நீங்கள் வேலைக்குப் போயிருந்திருப்பீர்கள்.