லேபிள்ல இருக்கிற பூவைப் பாருங்க மக்களே! வெட்பாலை தைலம்: மரம் பார்க்கிறதுல இருந்து வடிகட்டுற வரைக்கும்

வணக்கம் மக்களே. இன்னைக்குக் கொஞ்சம் கடுப்புலதான் கேமராவை ஆன் பண்ணியிருக்கேன். இதோ, வெட்பாலை தைலம், அதாவது வெட்பாலை மரத்து இலையில செய்யுற, தோல்ல தடவுற எண்ணெய். 100 மில்லி, 480 ரூபா. பேர் இருக்கிற இடத்தை விரலால மறைச்சுக்கிறேன், வம்பு வேணாம். விலைக்கு அப்புறம் வர்றேன், அதுல பேச நிறைய இருக்கு. முதல்ல லேபிள்ல போட்டிருக்கிற பூவைப் பாருங்க. வெள்ளைப் பூ, அஞ்சு இதழ், நடுவுல ஒண்ணுமே இல்ல. இது வெட்பாலையே கிடையாது. குடசப்பாலை, பார்க்க அதே மாதிரி இருக்கிற வேற மரம்!

நம்ம பழைய ஆளுங்க இந்நேரம் சிரிச்சிருப்பீங்க. பூ, காய் பார்க்காம இலையில கை வைக்காதீங்கன்னு ஒவ்வொரு வீடியோலயும் கத்துறேன்ல, அது இதுக்குத்தான். வெட்பாலைப் பூவோட நடுவுல வெள்ளை நூலைக் கத்தரிச்சுக் குஞ்சம் கட்டின மாதிரி ஒரு சுற்று நிக்கும். குடசப்பாலையில அந்தக் குஞ்சம் இருக்காது. பூ இல்லாத மாசமா? காயைப் பாருங்க. ரெண்டுலயும் காய் ஜோடி ஜோடியாத்தான் தொங்கும். வெட்பாலையில அந்த ஜோடி நுனியில ஒட்டிக்கிட்டு இருக்கும், முத்தினப்புறம்தான் பிரியும். குடசப்பாலையில ரெண்டும் தனித்தனியா, மேல வெள்ளைப் புள்ளியோட இருக்கும். விதையும் காட்டிக்கொடுக்கும்: குடசப்பாலை விதை கடுங்கசப்பு, வெட்பாலை விதையில அந்தக் கசப்பு கிடையாது. இலையை மட்டும் நம்பாதீங்க. ரெண்டும் எதிரெதிர் இலை, ரெண்டுலயும் கிள்ளினா வெள்ளைப் பால் வரும். குடசப்பாலை இலை பெருசுதான், ஆனா இளங்கிளையில அந்த அளவு ஏமாத்தும்.

வெட்பாலை மரத்தோட கட்டையிலதான் சன்னபட்ணா பொம்மை கடையறாங்க, தெரியுமா? வழுவழுன்னு வெள்ளைக் கட்டை. சரி, அது வேற கதை.

மூலிகை படிக்க ஆரம்பிக்கிறவங்களுக்கு முதல் பாடமா நான் இந்தத் தைலத்தைத்தான் சொல்லுவேன். சூரணம் இடிச்சா உள்ள தப்பான செடி போனாலும் பொடி பொடியாத்தான் இருக்கும், கண்டுபிடிக்க முடியாது. இது அப்படி இல்ல. சரியான இலையும் சரியான வெயிலும் இருந்தா எண்ணெய் ஊதாவா மாறும். இலை தப்புன்னா பச்சையாவே நிக்கும். ஒரு காலத்துல நீலச்சாயம் எடுத்த மரம் இது. நீலச்சாயம் எடுக்கிற அவுரிச் செடியில இருக்கிற அதே சங்கதிதான் இந்த இலையிலயும். இலை கிழிஞ்சு காத்து பட்டதும் இண்டிகோன்னு நீலமும், இண்டிரூபின்னு சிவப்பும் உருவாகும், ரெண்டும் சேர்ந்துதான் அந்த ஊதா.

இப்ப செய்முறை. 200 கிராம் பச்சை இலை. துளிர் வேணாம், மஞ்சள் விழுந்ததும் வேணாம், நடுத்தர இலை. 400 மில்லி செக்குத் தேங்காய் எண்ணெய். அகலவாய்க் கண்ணாடி ஜாடி ஒண்ணு, வெள்ளை வேட்டித்துணி ஒரு துண்டு. இலையை ஈரத்தோட போடவே கூடாது. தூசி இருந்தா காய்ஞ்ச துணியால துடைங்க. கழுவியே ஆகணும்னா நிழல்ல ஈரம் சுத்தமாப் போற வரைக்கும் பரப்பி வைங்க. கத்தி எடுக்காதீங்க, கையால ரெண்டு விரல் அகலத்துக்குக் கிழிச்சுப் போடுங்க. இரும்பு படக்கூடாதுன்னு பெரியவங்க சொல்வாங்க. அது போக, கிழிச்சா ஓரம் நல்லா நசுங்கும், நிறம் சீக்கிரம் இறங்கும். எண்ணெய் இலைக்கு மேல ஒரு விரல் நிக்கணும். வெளிய நீட்டிக்கிட்டு இருக்கிற இலையிலதான் முதல்ல பூசணம் பிடிக்கும்.

ஆங், சொல்லாம விட்டுட்டேன். ஜாடியையும் வெயில்ல வச்சு எடுத்துட்டு அப்புறம் இலை போடுங்க. அடியில ஒரு சொட்டுத் தண்ணி இருந்தாலும் பத்து நாள்ல சிக்கு வாடை வந்துரும். அப்புறம் அந்தப் பால், கிழிச்ச கையோட கண்ணைத் தொட்டுராதீங்க. சோப்புப் போட்டுக் கழுவிட்டு மத்த வேலையப் பாருங்க.

வாயில மூடி போடாதீங்க, துணி கட்டுங்க. இலையில இருக்கிற ஈரம் ஆவியா வெளிய போகணும். மூடி போட்டா அது உள்பக்கம் முத்து முத்தா நின்னு திரும்ப எண்ணெயிலயே சொட்டும். காலையில 9 மணிக்கு மொட்டைமாடி, சாயங்காலம் பனி விழுறதுக்கு முன்னாடி உள்ள. ஏழு நாள். இதுக்குப் பேர் சூரிய புடம், அடுப்புக்கு இங்க வேலையே இல்ல. "அண்ணா மைக்ரோவேவ்ல வைக்கலாமா"ன்னு கேட்ட தம்பி, வேணாம் சாமி. பங்குனி, சித்திரை வெயில்தான் இதுக்குத் தோது. மார்கழியில செய்யாதீங்க, 24 டிகிரிக்குக் கீழ போனா தேங்காய் எண்ணெய் உறைஞ்சுரும், அப்புறம் நிறம் எங்க இறங்குறது?

இந்தா, இது மூணாம் நாள் ஜாடி. மேல இருந்து பார்த்தா கறுப்பு மாதிரி இருக்கும். ஸ்பூன்ல எடுத்து வெயிலுக்கு நேரா தூக்குறேன், ஃபோகஸ் ஆகட்டும்... பாத்தீங்களா! நாவப்பழக் கறை நிறம். இலையோட கிழிஞ்ச ஓரத்துல மட்டும் கோடு போட்ட மாதிரி கருநீலம். எத்தனை தடவை பார்த்தாலும் இந்த இடத்துல எனக்கு ஒரு குஷி. சும்மா சொல்லக்கூடாது, இந்த வெயிலுக்கு ஒரு கும்பிடு.

அந்த 480 ரூபா பாட்டிலைப் பக்கத்துல வைக்கிறேன். வெளிர் பச்சை. உள்ள என்ன இலைன்னு நான் சொல்ல மாட்டேன், உங்களுக்குக் கண்ணு இருக்கு. இப்ப கணக்குக்கு வாங்க. செக்கு எண்ணெய் லிட்டர் 500 ரூபான்னு வாங்கினேன். 400 மில்லிக்கு 200 ரூபா. இலை மரத்துல சும்மா கிடைச்சுது. இலையோட ஒட்டிக்கிட்டுப் போறது போக 350 மில்லி தேறும்னு வைங்க. அப்ப 100 மில்லி 57 ரூபா! பாட்டில், அட்டைப்பெட்டி, லாரி வாடகை எல்லாத்தையும் தாராளமாச் சேர்த்து 150 வைங்க. 200 வைங்க. மிச்சம் 280 எதுக்கு? அந்தத் தங்க நிறப் பட்டைக்கா? தப்பான பூவை அச்சடிச்ச கூலிக்கா? சரி, விடுறேன். விட முடியல, ஆனாலும் விடுறேன்.

வடிகட்டும்போது துணியை முறுக்கிப் பிழியாதீங்க. பிழிஞ்சா இலைச்சாறும் சேர்ந்து இறங்கும், அதுல தண்ணி இருக்கு. தானா வடியட்டும், ரெண்டு நாள் அசைக்காம வைங்க, மேல தெளிஞ்சதை மட்டும் அடர்நிறப் பாட்டில்ல ஊத்துங்க. அடிக் கசடைத் தனியா எடுத்து ஒரு வாரத்துக்குள்ள தீர்த்துருங்க. தைலத்துக்கு ஒரு வருஷம்னு சித்த மருத்துவத்துல கணக்கு இருக்கு, ஆனா சிக்கு வாடை வந்தா கணக்குப் பார்க்காம கொட்டிருங்க.

காளாஞ்சகப்படைக்கும் (அதான் சோரியாசிஸ்) பொடுகுக்கும் சித்த மருத்துவர்கள் கொடுக்கிற வெளிப்பூச்சு இது. குடிக்கிறதுக்கு இல்ல. முழங்கை உள்பக்கம் ஒரு சொட்டு தடவி ஒரு நாள் பாருங்க, அரிச்சா நிறுத்துங்க. வெடிச்சு ரத்தம் கசியுற இடத்துல தடவ வேணாம். டாக்டர் கொடுத்த மருந்தை இதை நம்பி நிறுத்துறேன்னு யாரும் கமெண்ட்ல எழுதாதீங்க, எனக்குக் கோவம் வரும். தலையில தடவிட்டுப் படுத்தா பழைய தலையணை உறையா எடுத்துக்குங்க, இந்தக் கறை போகவே போகாது.

அடுத்த வீடியோ பற்படாகம். நிலவேம்புக் குடிநீர்ல போடுறோமே, அதே சரக்குதான். அந்தப் பேர்ல கடைக்குக் கடை வேற வேற செடி விக்குது, எல்லாத்தையும் வாங்கி மேஜையில பரப்பி வச்சிருக்கேன். வாங்க, பார்த்துருவோம்.