முழுகினவனுக்கும் கால் கழுவ வேண்டும்

அன்பான நேயர்களே, ஞானஸ்நானம் எடுத்துப் பதினெட்டு வருஷமான ஒருவர் சில மாதங்களுக்கு முன் என்னிடம் இப்படிக் கேட்டார்: "ஐயா, நான் வளருகிறேனா, இல்லையா? வளர்ந்தால் பாவம் குறைய வேண்டும் அல்லவா? எனக்கென்னவோ கூடிக்கொண்டே போகிற மாதிரி இருக்கிறது." அன்று அவருக்குச் சொன்னதையும் சொல்ல மறந்ததையும் சேர்த்து இன்றைக்குப் பேசுகிறேன்.

அவர் கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது: வளர்ந்த விசுவாசியும் பாவம் செய்வானா? நேரான பதில், செய்கிறான். "நமக்குப் பாவமில்லையென்போமானால், நம்மை நாமே வஞ்சிக்கிறவர்களாயிருப்போம்" என்று யோவான் தம் முதல் நிருபத்தில் எழுதுகிறார். "உங்களுக்கு" என்று எழுதவில்லை, "நமக்கு" என்கிறார். ஆனால் அதே நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் "தேவனால் பிறந்த எவனும் பாவஞ்செய்யான்" என்றும் அவரே எழுதியிருக்கிறார். இரண்டையும் ஒரே மூச்சில் வாசிக்கிறவர் குழம்பத்தான் செய்வார். அங்கே வரும் கிரேக்க வினைச்சொல் நிகழ்காலத்தில் இருப்பதால், பாவத்திலேயே விடாமல் நடப்பதைத்தான் அது குறிக்கிறது என்று பல விளக்கவுரைகள் சொல்லும். சரி, ஏற்கத்தக்க விளக்கம்தான். ஆனாலும் இவ்வளவு பெரிய பாரத்தை இலக்கணத்தின் தலையில் மட்டும் ஏற்ற எனக்கு மனமில்லை. நடுவில் இருக்கிற இரண்டாம் அதிகாரத்தின் முதல் வசனத்தைப் பாருங்கள். நீங்கள் பாவஞ்செய்யாதபடிக்கு எழுதுகிறேன் என்கிறார். அந்த வாக்கியம் முடிவதற்குள்ளேயே, ஒருவன் செய்துவிட்டால் பிதாவினிடத்தில் பரிந்து பேசுகிறவர் இருக்கிறார் என்றும் சொல்லிவிடுகிறார். யோவானுக்கு இந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதவில்லை.

சபை வரலாற்றிலும் இது பழைய கேள்வி. 418-இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் கூடிய ஆயர்கள், மனிதன் தன் முயற்சியாலேயே பாவமில்லாமல் வாழ முடியும் என்ற பெலாகியுவின் போதனையைக் கண்டித்தார்கள். அப்போது அவர்கள் எடுத்துக்கொண்ட விஷயங்களில் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். ஆண்டவர் கற்றுக்கொடுத்த ஜெபத்தில் "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்று பரிசுத்தவான்கள் ஜெபிப்பது தாழ்மைக்காகத்தான், உள்ளபடி அவர்களுக்கு அது தேவையில்லை என்று சிலர் சொல்லி வந்தார்கள். அப்படியானால் ஜெபத்தில் ஆண்டவரிடமே பொய் சொல்வதாகிவிடுமே என்று ஆயர்கள் அதை மறுத்துவிட்டார்கள். அந்த ஜெபத்தில் அதற்கு முந்தின விண்ணப்பம் இன்றைய ஆகாரத்துக்கானது. இன்றைக்குப் பசிக்கும் என்றால் இன்றைக்கு மன்னிப்பும் வேண்டியிருக்கும்.

பிற்காலத்தில் மார்ட்டின் லூத்தர், விசுவாசி ஒரே வேளையில் நீதிமானும் பாவியும் என்றார். 18-ஆம் நூற்றாண்டில் ஜான் வெஸ்லி, இந்த ஜீவியத்திலேயே அன்பில் பூரணப்பட முடியும் என்று போதித்தார். வெஸ்லியைப் பாவமே இல்லாத நிலையைப் பிரசங்கித்தவர் என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அது நியாயமில்லை. அங்கே பாவம் என்று அவர் சொன்னது, தெரிந்த கட்டளையை மனதார மீறுவதை. அறியாமல் செய்யும் பிழைகளுக்குப் பூரணப்பட்டவனுக்கும் கிறிஸ்துவின் இரத்தம் வேண்டும் என்றுதான் போதித்தார். தாம் அந்த நிலையை அடைந்துவிட்டதாக அவர் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

அப்படியானால் வளர்ச்சி என்று எதைச் சொல்வது? பாவங்களை எண்ணிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சங்கீதம் கற்கக் கற்கத்தான் அபசுரம் காதில் விழும். கற்காதவனுக்கு எல்லாமே பாட்டுதான். என்னிடம் கேட்ட அந்தச் சகோதரருக்குப் பாவம் கூடவில்லை, காது கூர்மையாகியிருக்கிறது. அவரிடம் இதைச் சொன்னேன், கொஞ்சம் ஆறுதலாகப் போனார்.

சொல்ல மறந்தது அடுத்த பகுதி. வளரும்போது பாவம் உடையை மாற்றிக்கொள்கிறது. என்னையே எடுத்துக்கொள்ளுங்களேன். இரட்சிக்கப்பட்ட புதிதில் எனக்குக் கோபம் வந்தால் கத்துவேன், பக்கத்தில் இருக்கிறவர் உடனே கண்டிப்பார். இப்போது நான் கத்துவதில்லை. "அந்தச் சகோதரனுக்காகக் கொஞ்சம் ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று ஆரம்பித்து, அவருடைய குறை முழுவதையும் நாலு பேர் காதில் போட்டுவிட்டு, ஆமென் என்று முடிப்பேன். என்னை யார் கண்டிப்பார்கள்? ஜெப வீரன் என்றல்லவா சொல்லுவார்கள்! பழைய கோபம்தான், வேதாகமத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறது.

மோசேயைப் பாருங்கள். பூமியிலுள்ள சகல மனிதரிலும் மிகுந்த சாந்தகுணமுள்ளவன் என்று எண்ணாகமம் 12-ஆம் அதிகாரம் சொல்கிறது. எட்டு அதிகாரம் தள்ளி, வயது 120-ஐ நெருங்கும்போது, "கலகக்காரரே, கேளுங்கள்" என்று சீறி, பேசச் சொன்ன கன்மலையை இரண்டு தரம் அடிக்கிறார். வாலிபத்தில் எகிப்தியனை அடித்துக் கொன்ற அதே கை. நடுவே எண்பது வருஷம். வளரவில்லை என்று அவரைச் சொல்ல முடியுமா? தேவனோடு முகமுகமாய்ப் பேசினவர் ஆயிற்றே.

பேதுருவின் கதை இதைவிட நெருக்கமாகச் சுடுகிறது. வேலைக்காரியின் ஒரு கேள்விக்குப் பயந்து ஆண்டவரை மறுதலித்தார், அது எல்லாருக்கும் தெரியும். பரிசுத்த ஆவி இறங்கின பெந்தெகொஸ்தே நாள் வந்தது, யூத அதிகார சங்கத்தின் முன் நின்று தைரியமாகப் பேசினார். யூதரல்லாத கொர்நேலியுவின் வீட்டில், தேவன் பட்சபாதமுள்ளவரல்ல என்று அவரே பிரசங்கித்தார். அதற்கெல்லாம் அப்புறம்தான் அந்தியோகியா. அங்கே புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாதவரோடு, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேம் சபையில் தலைவராயிருந்த யாக்கோபிடமிருந்து சில யூத விசுவாசிகள் வந்ததும் அவர்களுக்குப் பயந்து பந்தியை விட்டு விலகிக்கொண்டார். மனுஷருக்குப் பயப்படுகிற அதே பழைய வேர். ஆனால் இந்தத் தடவை அது முற்றத்தில் நின்று சாபமிட்டுச் சத்தியம் செய்யவில்லை. நியாயப்பிரமாணத்தில் வைராக்கியம் போல, பார்க்க மரியாதையாக இருந்தது. அதனால்தான் பவுலின் உடன் ஊழியரான பர்னபாவும் இழுப்புண்டார். புது விசுவாசி விழுந்தால் பெரும்பாலும் அவன் ஒருவன் விழுவான். தூண் என்று எண்ணப்பட்டவர் சாய்ந்தால் மேலே இருப்பதும் சேர்ந்து சாயும். இந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருக்கும், சொல்லிவிடுகிறேன்.

"எல்லாரும் பாவிகள்தானே ஐயா" என்று தோளைக் குலுக்குகிறவருக்கும் இதில் இடமில்லை. பாவம் உங்களை மேற்கொள்ளமாட்டாது என்று ரோமர் 6 சொல்கிறது. வழியில் காலில் அழுக்குப் படுவது ஒன்று, அழுக்கிலேயே குடியிருப்பது வேறொன்று. சீஷர்களின் கால்களைக் கழுவின இரவில் ஆண்டவர் சொன்னதும் அந்தப் பேதுருவிடம்தான்: முழுகினவன் கால்களை மாத்திரம் கழுவினால் போதும். போதும் என்பதை நாம் நன்றாகப் பிடித்துக்கொள்கிறோம். கழுவ வேண்டும் என்பதை விட்டுவிடுகிறோம். அதிலும், தன் காலை இன்னொருவர் பிடித்துக் கழுவ விடுவது மூத்த விசுவாசிக்குத்தான் மிகவும் கஷ்டம். "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது" என்றவரும் பேதுருதானே.

அந்தியோகியாவில் பவுல் அவரை எல்லாருக்கும் முன்பாகக் கண்டித்தார், அதை எழுதியும் வைத்தார். சபைகள் வாசிக்கிற கலாத்தியர் நிருபத்தில் அந்தச் சம்பவம் நிலைத்துவிட்டது. பேதுரு அதற்கு என்ன பதில் சொன்னார் என்று அதில் ஒரு வரி கூட இல்லை. ஆனால் பேதுருவின் இரண்டாம் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில், மரணம் நெருங்குகிறது என்று தெரிந்து எழுதுகிறவர், "நமக்குப் பிரியமான சகோதரனாகிய பவுல்" என்கிறார். அதற்கு மூன்று வசனம் தள்ளித்தான், கிருபையில் வளருங்கள் என்ற அந்த வார்த்தை வருகிறது.