தாமரை மகால்: அதிட்டானத்திலிருந்து கோபுரம் வரை

(காட்சி: ஹம்பி. கேமரா தரைமட்டத்தில்.)

விஜயநகர அரசர்கள் ஹம்பியில் கட்டிய தாமரை மகால் முன்னால் நின்றால் கண் நேராக வளைவுகளுக்குத்தான் போகும். கொஞ்சம் பொறுங்கள், அடியிலிருந்து ஏறுவோம்.

அதிட்டானத்தில், அதாவது அடிப்பீடத்தில், கோயிலைப் போலவே அடுக்கடுக்கான பட்டைகள். தரையமைப்பும் மண்டபக் கணக்குதான்: ஒவ்வொரு பக்கமும் நடுவில் முன்னே தள்ளி, மூலையில் உள்ளே மடங்கும்.

(காட்சி: வளைவு, அருகில்.)

அதற்கு மேல் 24 தூண்கள், அவற்றுக்கிடையே இதழ் இதழாக வெட்டிய வளைவுகள். ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்வாங்கிப் போவதைக் கவனியுங்கள். 1347இல் குல்பர்காவில் எழுந்த பாமினி அரசு, பாரசீகக் கலையோடு நெருங்கிய உறவு கொண்டது. இந்த வளைவு அந்தத் தக்காண மரபின் கைவண்ணம். ஆனால் அதன் மேல் பூசிய சுதையில், அதாவது சுண்ணாம்புச் சாந்தில், யாளி முகமும் கொடி வேலைப்பாடும். இரண்டு மாடிக்கும் நடுவே கொடுங்கை, அதாவது வளைந்து இறங்கும் கூரை விளிம்பு, சுற்றி ஓடுகிறது. உச்சியில் கோயில் கருவறை விமானம் போல அடுக்கிய 9 கோபுரங்கள். உள்ளே அண்ணாந்து பார்த்தால் குவிமாடம்.

வளைவு எதற்கு? தூண்களின் மேல் கிடக்கும் கருங்கல் உத்தரம் அழுத்தத்தைத் தாங்கும், வளைவதைத் தாங்காது. நீளம் கூடினால் அடிப்பக்கம் விரிசல் விட்டு நடுவில் முறியும். அதனால்தான் மண்டபத்தில் தூண்கள் நெருக்கமாக நிற்கின்றன. வளைவில் எல்லாமே அழுத்தம்தான். சின்னக் கல்லும் செங்கல்லும் போதும். ஆனால் அது பக்கவாட்டில் தள்ளும்.

(காட்சி: யானைக் கொட்டில்.)

அந்தத் தள்ளலை இங்கே பாருங்கள். 11 அறைகள் ஒரே வரிசையில். பக்கத்துப் பக்கத்து வளைவுகள் ஒன்றையொன்று எதிர்த்துத் தள்ளிச் சமன் செய்கின்றன. மிச்சம் இரு முனைச் சுவர்களில் இறங்குகிறது. அவை கனமாக இல்லாவிட்டால் வரிசை முழுவதும் விரியும்.

வளைவின் கற்களைப் பிணைக்கும் சுண்ணாம்புக் காரை மெல்லத்தான் இறுகும். காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் கல்லாகும். வளைவைத் தாங்கும் சாரத்தை அவசரப்பட்டுப் பிரித்தால் வளைவு இறங்கிவிடும். பழைய சுதை உதிர்ந்த இடத்தில் சிமென்ட் பூசுவது அதைவிடப் பெரிய தவறு. ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும், உப்புப் பூக்கும், பக்கத்திலுள்ள நல்ல சுதையையும் சேர்த்துப் பெயர்க்கும். எந்த ஊர்ப் பழைய கட்டடத்துக்கும் இது பொருந்தும், தயவுசெய்து செய்யாதீர்கள்.

இதே விஜயநகர அரசர்கள் கோயிலில் தூண்-உத்தர முறையை விடவில்லை. தெய்வத்துக்கு ஆகம விதி, அரசவைக்கு அன்றைய உலகின் நாகரிகம். ‘இந்துராய சுரத்ராணன்’, அதாவது இந்து அரசர்களுள் சுல்தான், என்று கல்வெட்டில் பட்டம் போட்டுக்கொண்டவர்கள் இவர்கள். உடையும் அப்படியே: ஆந்திராவின் லேபாட்சி கோயில் ஓவியங்களில் பிரமுகர்கள் தலையில் உயரமான குல்லாய். நாம் சொல்லும் குல்லா, பாரசீக ‘குலாஹ்’தான்.

(காட்சி: அகமது கான் பள்ளிவாசல்.)

இங்கே எல்லாம் தலைகீழ். 1439இல் இரண்டாம் தேவராயரின் அதிகாரி அகமது கான் கட்டியது. தொழுகைக் கூடத்துக்கு வளைவும் இல்லை, குவிமாடமும் இல்லை. மண்டபத் தூண்கள், தட்டைக் கூரை. மேற்குச் சுவரில் தொழுகைத் திசை காட்டும் மாடத்தைப் பார்த்தால்தான் பள்ளிவாசல் என்று தெரியும். கல்வெட்டு கன்னடத்தில், அரசருக்குப் புண்ணியம் சேரக் கட்டியதாகச் சொல்கிறது. கட்டடத்துக்கு அதிலுள்ள பெயர் ‘தர்மசாலை’.