மானிப்பாயில் தமிழில் படித்த டாக்டர்கள்: சாமுவேல் கிறீன்

(திரையில்: மனித எலும்புக்கூட்டின் பழைய படம். மெதுவாக விலக, யாழ்ப்பாணக் குடாநாட்டு வரைபடம்.)

எம்.பி.பி.எஸ். முதலாம் ஆண்டு மாணவர் யாரைக் கேட்டாலும் ‘கிறேயின் அனாட்டமி’ என்ற பெயரைச் சொல்வார். 1858-இல் லண்டனில் வெளிவந்த உடற்கூறியல் புத்தகம் அது. 14 வருடம் கழித்து, 1872-இல், அது தமிழிலும் வந்துவிட்டது. ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற பெயரில், யாழ்ப்பாணத்தில். கொண்டுவந்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க டாக்டர்.

1822-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டரில் பிறந்தவர். நியூயார்க்கில் படித்து 1845-இல் மருத்துவப் பட்டம் வாங்கினார். அண்ணன் ஆண்ட்ரூ பெரிய ஆள்: நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் உருவாக முன்னின்று உழைத்தவர். தம்பியோ 1847-இல் அமெரிக்க மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பின் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்தார். முதலில் வட்டுக்கோட்டை, அடுத்த வருடமே மானிப்பாய்.

(திரையில்: மானிப்பாய் மருத்துவமனை.)

வந்த கையோடு மருத்துவம் பார்க்கத் தொடங்கினார், உள்ளூர்ப் பையன்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு மருத்துவ வகுப்பும் ஆரம்பித்தார். காலராவும் அம்மையும் வந்துபோகிற ஊரில் ஒரு டாக்டர் எந்த மூலைக்குப் போதும்? ஊருக்கு ஊர் பரியாரிமார், அதாவது நாட்டு வைத்தியர்கள், இருந்தார்கள், சரி. ஆனால் அறுவை சிகிச்சைக்கும் சிக்கலான பிரசவத்துக்கும் வேறு பயிற்சி தேவைப்பட்டது.

பாடம் முதலில் ஆங்கிலத்தில்தான் நடந்தது. சிக்கலும் அங்கேதான் வந்தது. ஆங்கிலத்தில் படித்து முடித்தவர்களை அரசாங்க வேலை இழுத்துக்கொண்டது. சம்பளம், மரியாதை, வெளியூர். அவர்களைக் குறை சொல்ல முடியாது. யாராக இருந்தாலும் போயிருப்பார்கள். ஆனால் யாழ்ப்பாணத்துக் கிராமங்களுக்கு டாக்டர் கிடைத்தபாடில்லை.

இடையில் சில வருடம் அமெரிக்கா போன கிறீன், திருமணம் முடித்து 1862-இல் மறுபடி வந்தார். அதற்கப்புறம் 1864 வாக்கில் வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். தமிழில் படித்தவர் தமிழ் ஊரிலேயே தங்குவார், அவர் பேசுவது நோயாளிக்கும் புரியும் என்பது கணக்கு. இதைத் தமிழ்ப் பற்று என்று மட்டும் பேசுகிற மேடைப் பேச்சுகளை நானும் கேட்டிருக்கிறேன். எனக்கென்னவோ இது ஒரு நிர்வாகியின் கணக்கு என்றே படுகிறது. அதனால் அதன் மதிப்பு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

(திரையில்: நூல்களின் பெயர்கள், ஆண்டுகளுடன்.)

வகுப்பை மாற்றினால் போதுமா? பாடப்புத்தகம் வேண்டுமே! 1867-இல் ‘இரண வைத்தியம்’ வந்தது. இது அறுவை சிகிச்சை நூல். 1872-இல் உடற்கூறியல், 1875-இல் ‘கெமிஸ்தம்’, 1883-இல் ‘மனுஷ சுகரணம்’. எல்லாம் சேர்ந்து நாலாயிரம் பக்கத்துக்கு மேல். கடைசி இரண்டும் வெளியானபோது அவர் இங்கே இல்லை. 1873-இலேயே ஊர் திரும்பிவிட்டார்.

ஒரு தலைப்பை மட்டும் கவனியுங்கள்: ‘கெமிஸ்தம்’. வேதியியலுக்குத் தமிழிலோ வடமொழியிலோ புதிதாக ஒரு சொல்லை உண்டாக்காமல், ஆங்கிலச் சொல்லின் தலையை எடுத்துத் தமிழ் வாலை ஒட்டிவிட்டார். மற்ற இடங்களில் வடமொழி கொஞ்சம் தூக்கல். ‘சுகரணம்’ என்றால் உடலியங்கியல் என்று இன்று விளக்கம் சொல்லித்தான் ஆகவேண்டும். என் கருத்தில் அவருடைய பெரிய பலவீனம் இந்த நடைதான். ஆனால் கலைச்சொல் அகராதி என்று ஒன்று கையில் இல்லாமல், நரம்பு, தசை, மருந்து என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் தேடித் தனியாகச் சொற்பட்டியலும் போட்டவர் அவர் என்பதை மறக்கக்கூடாது.

தனியாளாகவும் செய்யவில்லை. சாப்மன், டான்போர்த் போன்ற அவருடைய மாணவர்கள் மொழிபெயர்ப்பில் கைகொடுத்தார்கள். பெயரைக் கேட்டு வெள்ளைக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள், யாழ்ப்பாணத் தமிழர்கள்! மிஷன் பள்ளிப் பிள்ளைகளுக்கு அமெரிக்காவிலிருந்து பணம் அனுப்பியவர்களின் பெயரை வைப்பது அப்போது வழக்கம். வேடிக்கை என்னவென்றால், மாணவர்கள் தொப்பியும் காற்சட்டையுமாக மாறுவது கிறீனுக்குப் பிடிக்கவே பிடிக்காது.

(திரையில்: ஆறுமுக நாவலர் படம்.)

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கிறீன் மதம் பரப்ப வந்தவர், அதை அவர் மறைக்கவும் இல்லை. தன் கல்லறையில் ‘தமிழருக்கான மருத்துவ ஊழியர்’ என்ற பொருள்பட எழுதச் சொன்னவர் அவர். அங்கே ஊழியம் என்றால் சுவிசேஷமும் சேர்த்தி. அதே யாழ்ப்பாணத்தில், அதே 1822-இல் பிறந்த ஆறுமுக நாவலர் மிஷனை எதிர்த்துச் சைவப் பள்ளியும் அச்சுக்கூடமும் நடத்திக்கொண்டிருந்தார். இரண்டு முகாமும் மோதிக்கொண்டதில் தமிழ் உரைநடைக்கு நல்ல அறுவடை.

கிறீன் 1884-இல் வூஸ்டரில் காலமானார். அவரிடம் படித்து டாக்டரானவர்கள் அறுபதுக்கும் மேல், அதில் பாதிப் பேர் தமிழில் படித்தவர்கள். ஆனால் அவர் இங்கே இருந்தபோதே, 1870-இல், கொழும்பில் அரசு மருத்துவப் பள்ளி திறந்துவிட்டது. அங்கே பாடமொழி ஆங்கிலம். அரசு வேலைக்கு வழியும் அதுதான். அந்தப் போட்டியில் மானிப்பாய் வகுப்பு தாக்குப்பிடிக்கவில்லை. மருத்துவமனை மட்டும் கிறீன் பெயரோடு நிலைத்தது.